நம் விளைச்சலுக்கு நம் பெயரில் ஒரு முகவரி

விருதுநகரில் வத்தல் என்ன விலை, மல்லி என்ன விலை, உளுந்து என்ன விலை என்று வெளியூர் வியாபாரிகள் நாள்தோறும் விசாரிக்கிறார்கள். ஊரின் பெயர் எங்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த வத்தலைக் கரிசல் காட்டில் விளைவித்து, களத்தில் காயவைத்து, சாக்கில் கட்டி அனுப்பிய விவசாயியின் பெயர் கமிஷன் கடை வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் வத்தல் போகிறது; பெயர் போவதில்லை.

பெயர் போகாத பண்டத்துக்கு விலை சொல்லும் உரிமையும் உடையவனிடம் இருப்பதில்லை. பக்கத்திலுள்ள சிவகாசி இதை நன்கு அறிந்த ஊர். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து, அதற்கு லேபிள் அச்சடிக்கும் அச்சகங்களும் பெருகின. பெட்டிக்குள் இருக்கும் குச்சிகள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். வாங்குகிறவர் லேபிளைச் சொல்லித்தான் கேட்பார். இதைக் கண்ணால் கண்டிருந்தும், நாம் மட்டும் லேபிள் இல்லாமலேயே தலைமுறை தலைமுறையாக விற்று வருகிறோம்.

இன்று அந்த லேபிளின் வேலையைச் செய்யக்கூடியது இணையதளம். இது பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம் என்று சிறு விவசாயிகள் ஒதுங்க வேண்டியதில்லை. பத்து இருபது பேர் சேர்ந்தால் எளிதில் தொடங்கலாம் என்பது என் கருத்து. ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. பெயர் நம் கையில் இருக்க வேண்டும். பில் நம் கண்ணில் இருக்க வேண்டும். நகல் நம் வீட்டில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் தொடங்காமல் இருப்பதே மேல்.

கிளவுட் என்பது என்ன?

உலகின் முதல் இணையதளம் 1991-ல் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவரால் தொடங்கப்பட்டது. அது அவருடைய மேசை மீதிருந்த ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரை யாரும் நிறுத்திவிடக் கூடாது என்று கையால் எழுதி அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். நிறுத்தினால் இணையதளமும் நின்றுவிடும்.

இணையதளம் என்பதன் அடிப்படை இதுதான். சில கோப்புகள்; அவற்றை வைத்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர்; அது இரவு பகலாக ஓட வேண்டும்; இணைய இணைப்பு அறுபடக் கூடாது. காரியாபட்டியிலோ திருச்சுழியிலோ நம் வீட்டுத் திண்ணையில் அப்படி ஒரு கம்ப்யூட்டரை ஓட்ட முடியுமா? கரண்ட் போகும், இடி விழும், எலி வயரைக் கடிக்கும். ஆகவே, ஓயாமல் ஓடும் கம்ப்யூட்டர்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருப்பவரிடம் நமக்கு வேண்டிய சிறு இடத்தை வாடகைக்கு எடுக்கிறோம். இதற்குத்தான் கிளவுட் என்று பெயர். மேகம் என்று பொருள்பட்டாலும் அது வானத்தில் இல்லை. தரையில் கட்டிய கட்டடத்தில்தான் இருக்கிறது. மைக்ரோசாப்ட் 2015-லேயே சென்னை, மும்பை, புனே பகுதிகளில் இத்தகைய நிலையங்களைத் திறந்தது. அமேசான் 2016-ல் மும்பையிலும் 2022-ல் ஹைதராபாத்திலும் திறந்தது. சோஹோ நிறுவனத்துக்கும் சென்னையிலும் மும்பையிலும் உண்டு. அந்நிறுவனம் 2011 முதல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகமும் நடத்தி வருகிறது. குளிர்பதனக் கிட்டங்கியில் மூட்டைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து வத்தலை வைப்பது போன்றதே இந்த ஏற்பாடு.

வாட்ஸ்அப் போதாதா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். தெரிந்த வாடிக்கையாளரிடம் பேச வாட்ஸ்அப் போதும். ஆனால் தெரியாதவர் நம்மைத் தேடி வருவதற்கு அது உதவாது. கோயமுத்தூரில் ஒருவர் 'சாத்தூர் வத்தல் நேரடி விற்பனை' என்று தேடினால் நம் வாட்ஸ்அப் குழு அவர் கண்ணில் படாது, இணையதளம் படக்கூடும்.

இன்னொன்று, அடுத்தவர் திண்ணையில் கடை போட்டால் அவர் கதவைச் சாத்தும்போது நாமும் எழுந்துபோக வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று முகநூலும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகமெங்கும் நின்றுபோயின. அவற்றை மட்டுமே நம்பியிருந்த சிறு வியாபாரிகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். வாட்ஸ்அப் இருக்கட்டும்; அதன் எண்ணை எழுதி வைக்க நமக்கென்று ஒரு பலகையும் இருக்கட்டும்.

முதலில் காகிதம், பிறகு கம்ப்யூட்டர்

இணையதளம் தொடங்க நினைப்பவர்கள் கம்ப்யூட்டர் கடைக்குப் போகுமுன், ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கம் எழுதிப் பார்க்க வேண்டும். முதல் பக்கத்தில் நாம் யார், எந்த ஊர், எத்தனை பேர், எத்தனை ஏக்கர் என்பது. இரண்டாவதில் என்ன விளைகிறது, எந்த மாதத்தில் கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்பது. மூன்றாவதில் விலை, குறைந்தபட்ச அளவு, பார்சல் செலவு யாருடையது என்பது. நான்காவதில் முகவரி, தொலைபேசி எண், பேசக்கூடிய நேரம். இந்த நான்கையும் எழுத முடியாவிட்டால் இணையதளத்துக்கு இன்னும் வேளை வரவில்லை என்று பொருள்.

மிளகாயைப் பொடியாக்கியோ எள்ளைச் செக்கில் ஆட்டியோ விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எண் வேண்டும். அதையும் எழுத வேண்டும். பிறர் பெயரை எடுத்தாளக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-லும், ராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023-லும் புவிசார் குறியீடு பெற்றவை. நம் காட்டில் விளைந்த வேறு ரகத்துக்கு அப்பெயரைச் சூட்டினால் சட்டச் சிக்கல் வரும். அதைவிடப் பெரிதாக நம்பிக்கை போகும்.

படங்கள் நம் காட்டில் நாமே எடுத்தவையாக இருக்கட்டும். ஆனால் செல்போனில் எடுக்கும் ஒரு படம் மூன்று நான்கு எம்.பி. இருக்கும். அதை அப்படியே ஏற்றினால், சிக்னல் குறைந்த இடத்தில் பக்கம் திறப்பதற்குள் பார்ப்பவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். படத்தைச் சுருக்கி 200 கே.பி. அளவுக்குள் கொண்டுவர வேண்டும். அப்படிச் சுருக்கினால் ஐம்பது படங்கள்கூட மொத்தம் 10 எம்.பி.தான்.

பெயர் யார் கையில்?

எனக்குத் தெரிந்த ஒரு மிளகாய் விவசாயிகள் குழுவினர், சில ஆண்டுகளுக்கு முன் பணம் திரட்டி இணையதளம் ஒன்று அமைத்தார்கள். செய்து கொடுத்தவரே இணையப் பெயரையும் பதிவு செய்தார். பதிவு அவருடைய மின்னஞ்சலில், அவருடைய கைபேசி எண்ணில். குழுவினரிடம் ரசீது மட்டும் இருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் அவர் தொழிலை விட்டு வெளியூர் போய்விட்டார். பெயரைப் புதுப்பிக்க யாரிடமும் சாவி இல்லை. கெடு முடிந்ததும் அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கி, அதில் சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டார்கள். வத்தல் பொட்டலங்களின் மேல் அச்சடித்த முகவரி அதுதான். மிச்சமிருந்த பைகளை எல்லாம் அடுப்பில் போட்டார்கள். இதில் யாரும் திட்டமிட்டு மோசடி செய்யவில்லை. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு சென்ட் நிலம் வாங்கினாலும் வில்லங்கம் பார்க்கிற நாம், இதில் ஏமாந்துபோகிறோம்.

ஆகவே இணையப் பெயரை நாமே பதிவு செய்ய வேண்டும். 'டாட் இன்' என்று முடியும் பெயர்கள் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் கிடைக்கும். முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் ஆண்டு புதுப்பிக்கும் கட்டணம் என்ன என்று கேட்க வேண்டும். தமிழிலேயே 'டாட் இந்தியா' என்று முடியும் பெயர்களும் உண்டு. குழுவுக்கென்று தனி மின்னஞ்சல் தொடங்கி அதில் பதிவு செய்க. கடவுச்சொல்லை இருவர் அறிந்திருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதியைக் குழுவின் மினிட் புத்தகத்திலும் சுவர்க் காலண்டரிலும் குறித்து வைக்க வேண்டும். முடிந்தால் மூன்று, ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டிவிடலாம். செய்து தருபவர் எவ்வளவு நெருங்கிய சொந்தக்காரராக இருந்தாலும் இதில் தாட்சண்யம் கூடாது.

எதை வாடகைக்கு எடுப்பது?

இங்கேதான் பலர் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். கிளவுட் நிறுவனங்கள் முழுக் கம்ப்யூட்டரையும் வாடகைக்குத் தரும். அதில் நாமே எல்லாவற்றையும் நிறுவி, பூட்டி, பராமரிக்க வேண்டும். நமக்கு அது வேண்டாம். பெயர், படம், விலை, தொலைபேசி எண் காட்டும் நான்கு பக்கம் வெறும் எச்.டி.எம்.எல். கோப்புகள்தான். கோப்புகளை அப்படியே வைத்துக் காட்டும் சேவைகள் தனியே உள்ளன. அமேசானின் எஸ்3, கூகுளின் ஃபயர்பேஸ் ஹோஸ்டிங், கிளவுட்ஃபிளேர் பேஜஸ், கிட்ஹப் பேஜஸ் ஆகியவை அந்த வகை. இவற்றில் கிட்ஹப் பேஜஸ் பணம் வாங்கி விற்கும் கடை நடத்துவதற்காக அல்ல என்று அதன் விதியே கூறுகிறது. நம்மைப் போன்ற சிறிய தளத்துக்கு இச்சேவைகளில் வாடகை மிகச் சொற்பம். சிலவற்றில் ஒன்றுமே இல்லை.

மேலும், கோப்பு மட்டும் உள்ள தளத்தை உடைத்துப் புகுவதும் கடினம். சின்ன வீட்டுக்குக் கதவு ஒன்று, பூட்டு ஒன்று. கண்டதையெல்லாம் நிறுவிய தளத்துக்குப் பத்துக் கதவு. ஒன்று திறந்து கிடந்தாலும் திருடன் வந்துவிடுவான். பக்கத்தின் முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்க வேண்டும். அதற்கான சான்றிதழை 2015 முதல் 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு இலவசமாக வழங்குகிறது. மேலே சொன்ன சேவைகள் பலவற்றில் அது தானாகவே கிடைத்துவிடும். இதற்கென்று தனியே ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் காரணம் கேளுங்கள்.

பெயரையும் இடத்தையும் இணைப்பது கடைசி வேலை. இணையத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் எண்தான் முகவரி. நம் பெயரைக் கேட்டால் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதைப் பெயர் பதிவு செய்த இடத்தில் எழுதிவிட வேண்டும். எழுதியபின் எங்கும் பரவச் சில மணி நேரம், சிலவேளை ஒருநாள்கூட ஆகலாம். உடனே தெரியவில்லையே என்று பதற வேண்டாம்.

மீட்டர் ஓடுகிறது

விவசாய மோட்டாருக்கு மின்கட்டணம் கட்டிப் பழகாதவர்கள் நாம். மோட்டாரை அணைக்க மறந்தால் தண்ணீர்தான் வீணாகும். கிளவுடில் அப்படியல்ல. பல நிறுவனங்களில் கணக்குத் தொடங்கும்போதே வங்கி அட்டை எண்ணை வாங்கிக்கொள்வார்கள். பயன்படுத்தும் அளவுக்குக் கட்டணம். சோதித்துப் பார்க்கத் தொடங்கிய கம்ப்யூட்டரை நிறுத்த மறந்தால், யாரும் பார்க்காவிட்டாலும் மணிக் கணக்கில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஆரம்பச் சலுகையை நம்பி இறங்குபவர்கள் அது எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்க்க வேண்டும். விதிகளும் மாறிக்கொண்டிருக்கும், அமேசான் தன் இலவசச் சலுகை முறையைப் புதிய கணக்குகளுக்கு 2025 ஜூலையில் மாற்றியது.

எனவே கணக்குத் தொடங்கிய அன்றே இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைப் பூட்டு. மற்றொன்று, நூறு ரூபாய் தாண்டினால் தகவல் வரும்படி ஒரு வரவுசெலவு எச்சரிக்கை. ஆனால் இந்த எச்சரிக்கை மணியடிக்குமே தவிர மோட்டாரை நிறுத்தாது. தகவல் வந்தால் நாம்தான் போய் நிறுத்த வேண்டும். மாதம் ஒருமுறை பில்லைத் திறந்து பார்ப்பதைக் குழுக் கூட்டத்தின் வேலைகளில் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஷெட்டில் வைக்காதீர்

பட்டாசுத் தொழிற்சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே பெரிய கட்டடமாகக் கட்டமாட்டார்கள். சிறு சிறு அறைகள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும். ஒன்றில் தீப்பிடித்தால் மற்றது தப்ப வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். அந்த இடைவெளியை மீறிய இடங்களில் என்ன நடந்தது என்பதை இந்தப் பகுதி மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே விதி இங்கும் பொருந்தும். 2021 மார்ச் 10 அதிகாலையில் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கிளவுட் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்து போயிற்று. லட்சக்கணக்கான இணையதளங்கள் நின்றன. வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் சில நாட்களில் மீண்டார்கள். வைக்காதவர்கள் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தரவு மையத்திலேயே தீப்பிடித்து, நகல் இல்லாத அரசாங்கக் கோப்புகள் பெருமளவில் அழிந்தன. அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால் நமக்கு எச்சரிக்கை வேண்டாமா?

நமக்கு இது சுலபம். நம் தளம் முழுவதும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். கிளவுடில் ஒன்று, குழு அலுவலகத்தில் ஒன்று, வேறொரு உறுப்பினர் வீட்டில் ஒன்று என மூன்று நகல் வையுங்கள். விதை நெல்லை ஒரே குதிரில் கொட்டி வைக்காதவர்களுக்கு இது புதிய பாடமல்ல.

பட்டாசு சொல்லும் மற்றொரு பாடம்

இணையதளம் வைத்து விற்பதில் நம் பகுதிக்கு முன் அனுபவம் உண்டு. அது பட்டாசில் கிடைத்தது. 2018 அக்டோபர் 23 அன்று, இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பின்னும் சிவகாசியின் பெயரைச் சொல்லிப் போலித் தளங்கள் முளைத்தன. பாதி விலை என்று காட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்தன. 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவே இதைக் குறித்து மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. சிவகாசியில் நேர்மையாகத் தொழில் செய்பவர்களுக்கும் இதனால் கெட்ட பெயர்.

சூடு பட்ட வாடிக்கையாளர் நம் பக்கத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஆகவே தொடக்கத்தில் முன்பணம் கேட்காதீர்கள். வீட்டு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு எல்லாம் இருக்கட்டும். அழைத்தால் எடுத்துப் பேச ஆள் இருக்கட்டும். இல்லாத சரக்கின் படத்தை எடுத்துவிடுங்கள். நம் பெயரில் யாராவது போலித் தளம் நடத்துவது தெரிந்தால் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

கணக்கும் கடமையும்

பெயருக்கும் வாடகைக்குமாக ஆண்டுக்கு 2,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். இருபது பேர் குழுவில் தலைக்கு நூறு ரூபாய். ஒரு சாக்கு வத்தலுக்கு ஏற்றுகூலி, இறக்குகூலி, தரகு என்று போவதோடு ஒப்பிட்டால் இது பெரிதல்ல. இதற்காகக் கடன் வாங்காதீர்கள். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனியே தொடங்கவும் வேண்டாம். குழுவாகவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ தொடங்குங்கள். தளம் திறந்த மறுநாளே ஆர்டர் குவியும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். முதல் ஆண்டில் பத்து வீட்டுக்காரர்கள் நேரடியாக வாங்கினாலே அது நல்ல தொடக்கம். அடுத்த ஆண்டு கமிஷன் கடையில் விலை பேசும்போது, வேறு வழியும் உண்டு என்ற தெம்போடு பேசலாம். அந்தத் தெம்புதான் உண்மையான லாபம்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். விதை நேர்த்தியும் நுண்ணுயிர் உரமும் சொல்லித்தரும் அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையம், இதையும் ஒருநாள் பயிற்சியாக நடத்தலாம். நம் மாவட்டக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள், ஆளுக்கொரு விவசாயக் குழுவுக்கு நான்கு பக்கம் செய்து கொடுத்து, சாவியைக் குழுவின் கையில் ஒப்படைத்துவிட்டு வரலாம். அவர்கள் படிப்புக்கும் அது பயிற்சி.

உரமும் மருந்தும் கடைக்காரர் சொன்னபடி வாங்கினோம்; விலையை வியாபாரி சொன்னபடி ஏற்றோம். நம் பெயரையாவது நாம் சொன்னபடி எழுதி வைப்போம். இந்தத் தை மாதம் புது வத்தல் களத்துக்கு வருமுன், நான்கு பேர் உட்கார்ந்து அந்த நான்கு பக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.